47 வருஷம் மாந்திரீகம் பார்த்தேன், அத்தனையும் பொய்யா டாக்டர்?

காவிரிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து 71 வயதுப் பெரியவர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

24 வயதில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு குருவிடம் போய்ச் சேர்ந்தவர். மை போட்டுப் பார்ப்பது, தகடு எழுதுவது, தாயத்து, கழிப்பு, பேய் ஓட்டுவது, யாரோ புதைத்துவைத்ததாகச் சொல்லும் சூனியத் தகட்டைத் தோண்டி எடுக்கிற வைப்பு எடுப்பது என்று 47 வருடம் இதுதான் பிழைப்பு, இதுதான் தேடல். "காசுக்காக மட்டும் செய்யவில்லை, எனக்கு உண்மை வேண்டியிருந்தது" என்கிறார். சொன்ன வாக்குகளை நோட்டுகளில் எழுதிவைத்திருக்கிறார், பத்துக்கு எட்டு பலித்தது என்கிறார். இரவு உபாசனையில் அம்மன் குரல் காதில் கேட்கும். இரண்டு வருடம் முன்பு மனைவி தவறிய பிறகு அந்தக் குரல் நின்றுபோனது. இப்போது ஆறு மாதமாக வேறொன்று: விளக்கு வைக்கிற நேரத்தில் முழங்கால் உயர மனிதர்கள், தொப்பியும் கலர் கலராய் உடுப்புமாகச் சுவரோரம் வரிசையாகப் போகிறார்கள். பேசுவதில்லை. டியூப் லைட்டைப் போட்டால் காணோம். தான் கட்டிவைத்ததெல்லாம் அவிழ்ந்து பழிவாங்க வந்திருக்கிறது என்று பயப்படுகிறார். சர்க்கரை 20 வருடமாக இருக்கிறது, ஒரு கண் பனி மூட்டமாகத் தெரிகிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருக்கிறார்.

அப்புறம் ஒரு ஒப்புதல். வைப்பு எடுத்த பல வீடுகளில் அந்தத் தகட்டை இவரே மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். "யார் வைத்தது?" என்று கேட்டபோது உறவில் ஒரு பெண்ணைக் கைகாட்டியிருக்கிறார். ஒரு வீட்டில் அண்ணன் தம்பிக்குள் இன்றுவரை பேச்சில்லை. எல்லாவற்றையும் பெயரோடு ஒரு புத்தகமாக எழுதிவிட்டு, கையிலிருக்கும் மந்திர ஓலை ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட நினைக்கிறார். எழுதினால் போலீஸ் வருமா, எனக்குப் பைத்தியமா, என்னைப் போல் பாதியில் இறங்கியவர் யாராவது உண்டா என்று கேள்விகள். இவருடைய சிஷ்யன் யூடியூபில் இவர் படத்தைப் போட்டுத் தொழில் நடத்துகிறான், ஒரு பையனைக் கொட்டகையில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறான் என்றும் போகிற போக்கில் ஒரு வரி. கடைசி வரி, "இனி இருந்து என்ன செய்யப்போறேன்."

ஐயா, வணக்கம். அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வயசானவர்கள் சலிப்பில் சொல்கிற பேச்சாகவும் அது இருக்கலாம், வேறு அர்த்தத்திலும் இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, அதற்கு ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா? நேராகவே கேட்கிறேன், ஏனென்றால் சுற்றி வளைத்துக் கேட்டால் நீங்களும் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்வீர்கள், எதிரில் இருப்பவர் மனசு படிப்பது உங்கள் தொழில். ஆமாம் என்றால் இன்றைக்கே மகனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மனைவி போன துக்கம், தூக்கமின்மை, பிடிப்பு விட்டுப்போவது எல்லாம் சேர்ந்து மனச்சோர்வு நோயாக ஆகியிருந்தால் அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

சுவரோரம் போகிற அந்தச் சின்ன மனிதர்கள்

அவர்களைப் பற்றி எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், ஆனால் கண்ணைப் பரிசோதிக்காமல் யாரும் உறுதி சொல்லக்கூடாது. முதலில் நீங்கள் போக வேண்டியது என்னிடம் இல்லை, கண் டாக்டரிடம்.

1760இல் ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் போனே என்ற இயற்கை விஞ்ஞானி தன் தாத்தாவைப் பற்றி எழுதிவைத்தார். தாத்தாவுக்கு 89 வயது, கண்புரையால் பார்வை மங்கியவர். ஆட்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் என்று எதிரில் இல்லாதது எல்லாம் அவருக்குத் தெரிந்தன. புத்தி மட்டும் துல்லியமாக இருந்தது, தான் காண்பது நிஜமில்லை என்றும் அவருக்கே தெரிந்திருந்தது. இன்றைக்கு இதற்கு சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்றே பெயர். கண்புரை, கண் அழுத்தம், சர்க்கரையால் விழித்திரை கெடுவது என்று எதனால் பார்வை குறைந்தாலும் இது வரலாம். கண்ணிலிருந்து வரவேண்டியது வராதபோது, பார்ப்பதற்கென்று மூளையில் இருக்கிற பகுதி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, தானே படம் ஓட்ட ஆரம்பித்துவிடுகிறது. காலை எடுத்தவருக்கு இல்லாத கால் அரிப்பதைப் போல.

நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். குள்ள உருவம், தொப்பி, அலங்கார உடை, சத்தமே இல்லை, மங்கல் வெளிச்சம், லைட்டைப் போட்டால் மறைவது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற, மாந்திரீகத்தின் வாசனையே தெரியாத பார்வை மங்கிய கிழவர்களும் கிழவிகளும் கிட்டத்தட்ட இதே ஊர்வலத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் ஏவிவிட்டது உங்களைத் தேடி வந்திருந்தால், யாரையும் எதற்கும் ஏவாத அவர்கள் வீட்டுக்கு ஏன் போகிறது? பெரும்பாலோர் பைத்தியக்காரப் பட்டம் கிடைத்துவிடுமே என்று பயந்து வெளியே சொல்வதில்லை. நீங்கள் சொன்னது நல்லது.

விழித்திரையை மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கண் அழுத்தமும் பார்க்கட்டும். அதுவரை, உருவம் தெரிந்தால் விளக்கைப் போடுங்கள், எழுந்து நடங்கள், கண்ணை இடமும் வலமுமாக வேகமாக ஓட்டுங்கள், பலருக்கு அதிலேயே கலைந்துவிடும். இன்னொன்றும் கேட்க வேண்டும்: மை கூட்டுவதற்கோ புகை போடுவதற்கோ இன்னும் ஊமத்தை சேர்க்கிறீர்களா? ஊமத்தையில் இருக்கிற சரக்கே இல்லாததைக் காட்டும், கண் அழுத்தத்தையும் ஏற்றும். இருந்தால் உடனே நிறுத்துங்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கை நடுக்கம், நடை தளர்ந்து குறுகுவது, கனவில் கத்தி உதைப்பது, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் மந்தம், உருவங்கள் பேசத் தொடங்குவது, இதில் எது இருந்தாலும் நரம்பு மருத்துவரையும் பார்க்க வேண்டும். மூளைத் தேய்வு நோய்களில் ஒரு வகை இப்படித்தான் தொடங்கும், அந்த வகையில் "பேய் தெரியுதாம்" என்று யாரோ கொடுக்கிற மனநோய் மாத்திரைகள் சில ஆபத்தாகவே முடியும். அதனால் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

அம்மன் குரல்

குரல் கேட்டாலே பைத்தியம் என்று நாங்கள் முடிவு கட்டுவோம் என்று நினைக்கிறீர்கள், அப்படியில்லை. டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் தன் குழுவோடு கலிபோர்னியா, கானாவின் அக்ரா, நம் சென்னை என மூன்று இடங்களில் குரல் கேட்கிற மனநோயாளிகள் 60 பேரிடம் பேசினார். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் வன்முறையும் மிரட்டலும். சென்னைக்காரர்கள் பலருக்குக் கேட்டதோ சொந்தபந்தங்களின் குரல், அதுவும் வீட்டு வேலையைச் செய் என்று அதட்டுகிற குரல். நோயாளிகளுக்கே இப்படி என்றால், குரல் எப்படி வருகிறது என்பதில் ஊரும் பழக்கமும் எவ்வளவு தூரம் நுழைகின்றன பாருங்கள். ஜபம், ஒரே உருவத்தை மனதில் நிறுத்துவது என்று வருடக்கணக்கில் பயிற்சி செய்கிற, எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் குரல் கேட்பதுண்டு.

உங்களுக்கோ நள்ளிரவு, பட்டினி, அரைத்தூக்கம், ஆயிரக்கணக்கில் ஒரே மந்திரம். மனைவி போன பிறகு ஜபத்தில் உட்காரவே பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விதைக்காத வயலில் ஏன் முளைக்கவில்லை என்று கேட்பானேன்! அம்மன் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்ற முடிவுக்கு வர எந்த அவசியமும் இல்லை.

அது வெளியிலிருந்து வந்ததா உள்ளிருந்து வந்ததா என்ற உங்கள் கேள்வியில், தெய்வம் இருக்கிறதா என்ற பாதிக்கு மருத்துவம் தீர்ப்புச் சொல்லாது. மறுபாதியை நீங்களே சோதிக்கலாம், அதற்குத்தான் உங்களிடம் நோட்டுகள் இருக்கின்றனவே.

பத்துக்கு எட்டு பலித்தது என்கிறீர்களே

இங்கேதான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. எட்டு என்று எப்படிக் கணக்கிட்டீர்கள்? "திரும்பி வராதவர்கள் குணமாகிவிட்டவர்கள்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, எங்கள் ஆஸ்பத்திரியிலும் திரும்பி வராதவர்கள் நிறையப் பேர். சிலர் சரியானதால் வரவில்லை, சிலர் வேறு டாக்டரிடம் போனார்கள், சிலர் செத்தே போனார்கள். அவர்களையெல்லாம் என் வெற்றிக் கணக்கில் எழுதினால் நானும் பெரிய சித்தர்தான்.

1948இல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, அவரவர் குணம் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி நாலேகாலுக்கு மேல். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம், கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கியது. "வெளியில் சிரித்தாலும் உள்ளே ஒரு கவலை உன்னை அரிக்கிறது" என்று வெற்றிலையைப் பார்த்துச் சொன்னால் தலையாட்டாதவர் யார்? உங்களுக்கு இது தெரியாததில்லை. தெரிந்தே செய்ததும் உண்டு, தெரியாமல் நீங்களே நம்பிச் செய்ததும் உண்டு, இரண்டும் கலந்து கிடப்பதுதான் இப்போது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன்.

மை பார்க்க நீங்கள் உட்காரவைத்த சிறுவன் அதில் முகம் பார்த்தது பொய்யா என்றால், அவன் பார்த்தது நிஜம்தான். மங்கல் வெளிச்சத்தில் கண்ணாடியைச் சில நிமிடம் உற்றுப் பார்த்தாலே முகம் மாறி, அடுத்தவர் முகம், மிருக முகம் எல்லாம் தெரியும் என்று இத்தாலியில் கபூட்டோ என்ற ஆய்வாளர் 2010இல் காட்டியிருக்கிறார். கருப்பு மையும் எண்ணெய்ப் பளபளப்பும் அதே வேலையைத்தான் செய்கின்றன. "சேலை கட்டியிருக்கா? இடது பக்கம் நிக்கிறாளா?" என்று கேட்டுக் கேட்டு அந்த முகத்துக்கு ஆள் சேர்த்தது நீங்கள்.

அதற்காக உங்களிடம் வந்து யாருக்குமே சுகப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் என்று ஒன்று, மனநலம் கெட்டவர்களைக் கொண்டுவந்து தங்கவைப்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையைச் சேர்ந்த ரகுராமும் அவர் குழுவும் அங்கே வந்த 31 பேரைப் பார்த்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பாதிக்கு மேல் மனச்சிதைவு நோயாளிகள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது, சில மருந்துகள் தருகிற அளவு. அங்கே பேயோட்டும் சடங்கு என்று விசேஷமாக எதுவும் கிடையாது. பூஜை, வாசல் தெளிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கூடவே ஒரு உறவுக்காரர், யாரும் அடிக்காத மிரட்டாத இடம். அவ்வளவுதான். உங்கள் திண்ணையில் அழுதுவிட்டுத் தேறிப் போனவர்களுக்கும் இந்த மாதிரி ஏதோ கிடைத்திருக்கும். தகட்டுக்கு அதில் பங்கு இருந்ததா என்பதுதான் சந்தேகம்.

எனவே நோட்டுகளை எடுங்கள். நடப்பதற்கு முன்பே நீங்கள் எழுதிவைத்த வாக்குகளை மட்டும் தனியாகப் பிரியுங்கள். பலித்தது, பலிக்காதது, தெரியாது என மூன்று கட்டம். திரும்பி வராதவர்கள் மூன்றாவது கட்டத்துக்குத்தான் போக வேண்டும். அம்மன் குரல் சொன்னதில், உங்களுக்கு வேறு எந்த வழியிலும் தெரிந்திருக்க முடியாத சங்கதி எத்தனை என்றும் பாருங்கள். உண்மை வேண்டும் என்றுதானே 24 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள், இந்தக் கணக்கைப் போட உங்களை விட்டால் வேறு ஆளே கிடையாது.

பாதியில் இறங்கியவர்கள் உண்டா என்றீர்கள். 1909இல் அடையாற்றில் ஒரு பையனைக் கண்டெடுத்து, இவன்தான் வரப்போகும் உலக குரு என்று பிரம்மஞான சபைத் தலைவர்கள் வளர்த்தார்கள், அவனுக்காக ஓர் அமைப்பே கட்டினார்கள். 1929 ஆகஸ்டில் ஹாலந்தின் ஓமன் என்ற ஊரில், ஆயிரக்கணக்கான பக்தர்கள் முன்னால், வளர்ந்து ஆளான அந்தப் பையன் ஜே. கிருஷ்ணமூர்த்தியே அந்த அமைப்பைக் கலைத்தார். பேச்சைவிட எனக்குப் பிடித்தது, தானமாக வந்த கோட்டையும் நிலமும் கொடுத்தவரிடமே திரும்பப் போனது. அவருக்கு அப்போது 34 வயது. 71இல் இறங்குவது அதைவிடக் கஷ்டம்தான்.

கைகாட்டிய பெண்ணுக்கு

கடிதத்தில் மன்னிப்பு என்ற வார்த்தை நிறைய வருகிறது, அம்மனிடம், குருவிடம், இறந்த மனைவியிடம். நீங்கள் கைகாட்டிய பெண்களிடம் என்று ஓரிடத்திலும் இல்லை. ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்வதையே குற்றமாக்கி பீகார் 1999இலேயே சட்டம் போட்டது, ஏனென்றால் அந்தப் பெயர் விழுந்த பெண்களை அங்கே அடித்துக் கொன்றிருக்கிறார்கள். நம் பக்கம் கொலை வரை போகாவிட்டாலும், விசேஷத்துக்குக் கூப்பிடாமல் விடுவதும் அவள் கொடுத்த பலகாரத்தைக் குப்பையில் கொட்டுவதும் சின்ன தண்டனையா?

அந்த அண்ணன் தம்பி வீட்டிலிருந்து தொடங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு பக்கமும் மதிக்கிற ஒரு பெரியவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். "அந்தத் தகடு நான் கொண்டுவந்தது, அந்த அம்மா எதுவும் செய்யவில்லை" என்று அவர்கள் எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்கள். காரணம் விளக்காதீர்கள், மன்னிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், உங்கள் நிம்மதிக்காகப் போனதாகத் தெரிந்தால் அவர்களுக்கு இன்னும் எரியும். திட்டுவார்கள், அடிக்கக்கூட வரலாம். புகார் கொடுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

போலீஸ், புத்தகம், ஏடு

மாந்திரீகம் செய்தாலே குற்றம் என்ற சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. மகாராஷ்டிரம் 2013இலும் கர்நாடகம் 2017இலும் தனிச் சட்டம் கொண்டுவந்தன, நாம் இன்னும் இல்லை. ஆனால் தகட்டை ஒளித்துக் கொண்டுபோய் எடுத்துக்காட்டிக் காசு வாங்கியது சாதாரண மோசடியில் வரும், பழைய 420. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள அந்தக் குற்றத்துக்கு, இத்தனை வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற காலக்கெடு கிடையாது. எனவே அச்சுக்குப் போகும் முன் ஒரு கிரிமினல் வக்கீலிடம் காட்டுங்கள், அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகம் எழுதுங்கள், தொழில் நுணுக்கம் எல்லாவற்றையும் உடைத்து எழுதுங்கள், படிக்க நானே காத்திருக்கிறேன். வந்தவர்களின் பெயர் மட்டும் வேண்டாம். கள்ள உறவு, கருக்கலைப்பு, கடன் என்று உங்களை நம்பிச் சொன்னவை அவர்களுடையவை. சின்ன ஊரில் பெயரின் முதலெழுத்தும் தெருவும் போட்டாலே போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏடுகளை ஆற்றில் விடாதீர்கள். இப்படி ஆடிப்பெருக்கில் போன சுவடிகளை நினைத்து உ.வே.சா. எவ்வளவு நொந்துபோனார்! மந்திரம் பலிக்குமா என்பது வேறு, அதில் இருக்கிற மருத்துவக் குறிப்பும் சொல்வழக்கும் வேறு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை, சரஸ்வதி மகால், எங்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 75 வருடத்துக்கு மேற்பட்ட முக்கியமான சுவடிகள் 1972 தொல்பொருள் சட்டத்தில் வரும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. விலை கேட்டு வருகிற தரகர்களிடம் ஜாக்கிரதை.

சிஷ்யனும் சங்கிலியும்

கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோன இதுதான் எனக்குப் பெரிய விஷயம். வலிப்பு, பைத்தியம் உட்படப் பல நோய்களைத் தாயத்தாலும் மந்திரத்தாலும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடத்து மாய மருந்துச் சட்டம் தடுக்கிறது, முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. வீடியோவில் இருப்பது உங்கள் முகம். எடுக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கிலிக்கு அந்த அவகாசமும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியலில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் விடுதி எரிந்தது. கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம், மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. சிஷ்யன் கேட்கவில்லையென்றால் கலெக்டர் அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள், அதில் தயங்க எதுவுமில்லை. ஆனால் அதற்கு முன்பே அந்தப் பையனின் அம்மாவை உங்களால் பார்க்க முடியும். நான் போய்ச் சொன்னால் "டாக்டருக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்பார். நீங்கள் சொன்னால் கேட்பார். வேண்டுமானால் நெற்றியில் விபூதி பூசிவிட்டே சொல்லுங்கள், "இது என் கையில் இல்லை தாயி, மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கு, நாளைக்குக் காலையில் நானும் கூட வரேன்" என்று. மருந்து தொடங்கிய பிறகு அவர்கள் கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்க மாட்டோம், மாத்திரையை நிறுத்தச் சொல்லி எவனாவது வந்தால் மட்டும் உங்களிடம் அனுப்பச் சொல்லுங்கள்.